சோற்றைக் குறை என்று யாரிடம் சொல்கிறோம்?

காஞ்சிபுரத்து நெசவாளருக்குச் சர்க்கரை நோய் வந்தால், வாயைக் கட்டத் தெரியாதவர் என்று அவரையே குறை சொல்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் சொன்னது: தமிழகத்தில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டுச் சராசரி 11.4. அதே ஆய்வின் 2025 அறிக்கைப்படி, இந்தியர் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. இத்தனை பேரும் ஒருசேரக் கட்டுப்பாட்டை இழந்துவிட்டார்களா? நாளெல்லாம் குழித்தறியில் உட்கார்ந்து, சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வீட்டில் மலிவாக வயிற்றை நிரப்புவது சோறுதான். கூலி தள்ளிப்போனால் முதலில் குறைவது பருப்பு, முட்டை, காய்கறி.

தாத்தா காலத்திலும் சோறுதானே என்பார்கள். அன்று கேழ்வரகும் கம்பும் கூடவே இருந்தன. அரிசியும் இவ்வளவு தீட்டப்படவில்லை. அப்படியானால் ரேஷன் அரிசியை நிறுத்தலாமா? கூடவே கூடாது. 2011 முதல் விலையில்லாமல் கிடைக்கும் அந்த அரிசி, பசியைத் தடுத்து நிற்கும் அரண். ஆனால் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு ஒரு குடும்பத்துக்கு எம்மாத்திரம்? 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீடுவரை கொண்டுவருகிறது, பெரிய காரியம். அதே வீட்டுக்குக் கூடுதல் பருப்பும் சிறுதானியமும் ரேஷனில் வர வேண்டும், நெசவுக் கூலியும் உயர வேண்டும்.