சிறகுக்கு ஒரு தரை

வட்டகொடையில் ஒருவர் விமானம் கட்டத் திட்டமிட்டிருக்கிறார் என்ற செய்தி, கேட்பவர்க்கு முதலில் நகைப்பையே தரும். நகைப்பு அடங்கிய பின்னர் ஒரு வினா எழும்: சொந்தமாக வீடில்லாதவனுக்கு விமானம் எதற்கு? நகைப்பைப் பொருட்படுத்தத் தேவையில்லை. ஆனால் அவ்வினா நேர்மையானது. அதற்கு விடை காணாமல் அத்திட்டத்தைப் புகழ்வதும் முறையன்று, இகழ்வதும் முறையன்று.

தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவை நோக்கி ஏறும் புகையிரதப் பாதையில், கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேலே அமைந்தது வட்டகொடை. எத்திசை நோக்கினும் தேயிலைச் சரிவுகள். அவற்றின் மடிப்புகளில் லயங்கள். திட்டமிட்டவர் அங்குள்ள தோட்டமொன்றின் தொழிற்சாலையில் பிட்டராகப் பணிபுரிபவர். வயது முப்பதைத் தாண்டாதவர். அவருடைய தந்தையாரும் அதே தொழிலைச் செய்தவரே. கொழுந்தை வாட்டும் காற்றாடி, உருட்டும் ரோலர், உலர்த்தும் டிரையர் ஆகியவற்றுள் எதில் பழுது நேரினும், ஓசையைக் கொண்டே இடத்தைச் சொல்லிவிடும் செவி அக்குடும்பத்திற்கு உண்டு. ஆயினும், பிறர் வரைந்து பிறர் வார்த்த இயந்திரங்களைத் திருத்துவதோடு இரண்டு தலைமுறையின் கைத்திறன் நின்றுவிட்டது. முதல் ஆணியிலிருந்து கடைசி ஆணிவரை தம் கையாலேயே ஒன்றை ஆக்க வேண்டும் என்பதே அவருடைய வேட்கை. அவ்வேட்கை இப்போது சீஆர் கொப்பி ஒன்றில் கோடுகளாகவும் கணக்குகளாகவும் வளர்ந்து வருகிறது.

அவர் தெரிந்தெடுத்த மாதிரி புதியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துச் செரி குரோவ் என்னும் சிற்றூரில் வாழ்ந்த பெர்னார்ட் பீட்டன்போல், 1920களின் இறுதியில் வடிவமைத்த 'எயர் காம்பர்' அது. தாமே கற்றுத் தேர்ந்தவரான அம்மனிதர், மரச்சட்டங்களாலும் ஒட்டுப்பலகையாலும் உடலமைத்து, துணி போர்த்தி, ஃபோர்ட் 'மொடல் ஏ' மோட்டார்க் காரின் எஞ்சினைப் பொருத்திப் பறந்தார். அந்த எஞ்சின் ஏறத்தாழ 40 குதிரைவலுவே உடையது. கார் எஞ்சின் வானத்திற்கு உதவாது என்று எண்ணியோர்க்கு அவர் பறந்தே விடையளித்தார். 1930களின் தொடக்கத்தில் அதன் வரைபடங்கள் அச்சில் வெளியாயின. அவற்றைக் கொண்டு அவ்விமானத்தைக் கட்டுவோர் இன்றும் உலகின் பல பாகங்களில் உளர்.

இத்தகைய முயற்சி நம் அயலுக்கும் அந்நியமானதன்று. 1910ஆம் ஆண்டிலேயே, சென்னையில் ஹோட்டல் நடத்திய ஜாக்கோமோ டாஞ்சலிஸ் என்னும் கோர்சிக்காத் தீவினர், தாமே வடிவமைத்த விமானத்தை, வண்டி கட்டுவதிற் பேர்பெற்ற சிம்சன் நிறுவனத்தாரைக் கொண்டு செய்வித்துப் பறந்து காட்டினார். வண்டி கட்டிய கைகளே விமானமும் கட்டின என்பது இங்குக் கருதத்தக்கது. இலங்கையிலோ, கேம்பிரிட்ஜில் கற்ற பொறியியலாளர் றே விஜேவர்தன (1924–2010) இலகு விமானங்களைத் தாமே வடிவமைத்துக் கட்டிப் பறந்தார். கமக்காரர்க்கென இருசக்கர உழவு இயந்திரத்தை ஆக்கியவரும் அவரே. கல்வியும் வசதியும் அவருக்குத் துணைநின்றன.

அவ்விரண்டும் இன்றி வென்றவர் கேரளத்து இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த சஜி தோமஸ். பிறவியிலேயே செவிப்புலனும் பேச்சும் அற்றவர். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இறப்பர்த் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகொப்டர்களைக் கண்டு ஆசை கொண்ட அவர், பல ஆண்டுகள் உழைத்துக் கட்டிய இரண்டு இருக்கை விமானம் 2014இல் திருநெல்வேலிச் சீமையின் மணிமுத்தாறில் வானில் எழுந்தது. வட்டகொடைக் கொப்பியில் ஒட்டப்பட்டுள்ள ஒரே படம் அவருடையது. தோட்டத்தின் நடுவே நின்று வானத்தை அண்ணாந்து பார்த்த இன்னொருவரை அப்படத்தில் அவர் காண்கிறார் போலும்.

ஆயினும் ஆர்வம் மட்டும் விமானத்தைத் தாங்காது. பிரான்சைச் சேர்ந்த ஆன்றி மின்யே என்பவர், 'வானத்துப் பேன்' எனப் பொருள்படும் பெயரிட்ட சிறு விமானத்தை எவரும் கட்டலாம் என்று 1934இல் நூல் எழுதினார். ஐரோப்பாவில் பலர் ஆவலோடு கட்டினர். உயிரிழப்புகள் தொடர்ந்தன. 1936இல் காற்றுச் சுரங்கங்களில் வைத்துச் சோதித்தபோது, மூக்கு ஓரளவுக்கு மேல் கீழ்நோக்கிச் சரிந்தால் முன்சிறகும் பின்சிறகும் ஒன்றையொன்று பாதித்து, விமானத்தை மீட்க இயலாத நிலை தோன்றுவது புலனாயிற்று. இவ்வரலாற்றை எழுதிய பக்கத்தின் அடியில், வரைபடத்தின் அளவுகள் எதனையும் தம் விருப்பப்படி மாற்றுவதில்லை என்ற உறுதியைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார் அவர்.

அடுத்து வருவன வட்டகொடைக்கே உரிய கணக்குகள். அவ்வுயரத்தில் வளியின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ எட்டிலொரு பங்கு குறைவு. அதனால் ஒரே வேகத்தில் சிறகு பெறும் தூக்குவிசை குறையும். எஞ்சினின் வலுவும் குறையும். எனவே ஓடி எழுவதற்கு நீண்ட சமதரை வேண்டும். அங்கோ பந்து உருட்டி விளையாடவும் சமதரை அரிது. போதாக்குறைக்குத் தென்மேற்குப் பருவக்காற்றின் மழையும், பிற்பகல்தோறும் இறங்கும் மூடுபனியும் உண்டு. ஆகவே கட்டுவது வட்டகொடையில், பறப்பது சமவெளியில் என்று அவர் தீர்மானித்திருக்கிறார். சிறகுகளைக் கழற்றி லொறியில் ஏற்றிக் கீழே கொண்டுசெல்ல வேண்டும். அதற்கு முன்னர் சிவில் விமானச் சேவை அதிகாரசபையின் அனுமதியையும் பெற வேண்டும்.

மரமும் இலேசில் தீரும் பிரச்சினையன்று. மூல வரைபடம் கேட்பது ஸ்புரூஸ் என்னும் குளிர்நாட்டு மரம். தேயிலைக்கு நிழல் தரும் கிரவிலியா கைக்கெட்டும் தூரத்தில் நிற்பினும், அது அதே பாரத்தைத் தாங்கும் என்று கருதிவிட முடியாது. ஆதலால் கணுவற்ற, இழை நேரான கீற்றுகளை அறுத்து, இரு முனைகளையும் தாங்கி, நடுவே எடை தொங்கவிட்டு, முறியும் நிறையைக் குறித்து வருகிறார். முறிந்த துண்டுகள் அடுப்புக்குப் போகின்றன. எண்கள் கொப்பிக்குப் போகின்றன. இதுவரை அவ்வெண்கள் கிரவிலியாவுக்குச் சார்பாக இல்லை.

இவை யாவும் காலத்தாலும் பணத்தாலும் உழைப்பாலும் தீரக்கூடியவை. தீராத கணக்கு ஒன்றே. எயர் காம்பரின் சிறகு ஏறத்தாழ 29 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்டது. அதன் பரப்பு 135 சதுர அடிக்குக் குறையாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று வழங்கப்படும் லயக் காம்பராவின் தரையோ 120 சதுர அடி. ஒரு குடும்பம் உண்டு உறங்கிப் பிள்ளை பெற்று வளர்க்கும் இடத்தைவிட அவ்விமானத்தின் சிறகு பெரியது! முன்னர் எழுந்த வினாவுக்கான விடை இவ்விரண்டு எண்களுக்கிடையே கிடக்கிறது.

வீடா, விமானமா என்று கேட்பவர் அவ்விரண்டையும் பகையாக நிறுத்துகின்றனர். உண்மையில் இரண்டையும் தடுத்து நிற்பது ஒரே இல்லாமைதான். விமானம் கட்டப் பத்து ஆண்டுகள் ஆகலாம். பத்து ஆண்டுத் திட்டம் தீட்டுபவன், பத்து ஆண்டுகளின் பின்னரும் அதே தரையில் தான் நிற்பேன் என்று நம்ப வேண்டும். வேலையோடு பிணைந்த குடியிருப்பில் வாழ்பவனுக்கு அந்நம்பிக்கையைத் தருபவர் யார்? மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்ததன் 200ஆம் ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. அந்நெடுங்காலத்தில் அம்மக்களிடம் உழைப்புக் கேட்கப்பட்டது, திட்டம் கேட்கப்படவில்லை. திட்டமிடுதல் நிலமுடையோரின் தொழிலாகவே இருந்து வந்தது.

அண்மைக் காலத்தில் இந்திய உதவியுடன் மலையகத்திற் கட்டப்பட்ட வீடுகளுக்கு 7 பேர்ச்சஸ் காணி ஒதுக்கப்பட்டது. அது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீட்டுக்குச் செல்வது 550 சதுர அடி. எஞ்சும் நிலத்தில் கறித்தோட்டம் போடலாம், மாடு கட்டலாம், கொட்டகை ஒன்றும் அமைக்கலாம். அத்தகைய காணி எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. திட்டமிட்டவருக்கும் கிடைக்கவில்லை, விண்ணப்பம் மட்டும் போயிருக்கிறது.

ஆதலால் வீடில்லாதவனுக்கு விமானம் எதற்கு என்ற வினாவை மாற்றிக் கேட்பதே பொருந்தும்: ஆக்கும் ஆற்றல் உடையவனுக்குத் தரை ஏன் இல்லை? அவர் கட்டும் விமானம் ஒருநாள் பறக்கலாம், பறவாமலும் போகலாம். மரத்தை முறித்து அளந்த கை, வீட்டு வளையையும் சரியாகவே அளக்கும். கொப்பியின் முதற் பக்கத்தைப் புரட்டுவோர் அங்கே சிறகையோ எஞ்சினையோ காணார். முப்பத்திரண்டுக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கொட்டகையின் தரைப்படமே அங்கு வரையப்பட்டுள்ளது.