மெருகு

ஒளியுடைய பொருளைக் கண்டவழி மனம் அதன்பாற் செல்லுதல் மாந்தர் இயற்கை. பொன்னும் மணியும் உயர்ந்த விலை பெற்றமைக்கு அவற்றின் அருமை ஒரு காரணமாயின், அவற்றின் ஒளி மற்றொரு காரணமாம். தட்டார் பொன்னணிக்கு மெருகிடுகின்றனர். தாய்மார் பித்தளைக் குடத்தைப் புளியிட்டுத் துலக்குகின்றனர். சாணை பிடிப்போர் கத்தியின் வாயைத் தீட்டுகின்றனர். இங்ஙனம் மெருகினையும் மெருகிடுவோரையும் நாடோறும் கண்டுவரினும், மெருகாவது யாது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. அது பொருளின்மேற் புதிதாகச் சேர்க்கப்படுவதா? அன்றிப் பொருளினின்றும் சிலவற்றை நீக்கியவழித் தோன்றுவதா? இவ்வினாவிற்குரிய விடையைக் கைகளாலேயே அறியும் வாய்ப்பு, 2025-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், ஒரு மோட்டார் வண்டியின் சக்கரங்களால் எமக்குக் கிட்டிற்று. அதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எம்மூர் திருக்கோவலூர்; மக்கள் வழக்கிலும் அரசாங்க ஏடுகளிலும் திருக்கோவிலூர். பெண்ணையாற்றின் தென்கரையிலுள்ள இவ்வூர் 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சார்ந்துள்ளது. தமிழ் பயில்வோர்க்கு இவ்வூரை அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. மலையமான் திருமுடிக்காரியின் கோவல் இதுவே. புலவர்க்குத் தேர் வழங்கும் வண்மையாற் புகழ் பெற்றவன் அவன். அவ்வண்மையைப் பாடியவருட் கபிலர் தலையாயவர். அவர் உயிர் நீத்த இடமென வழங்கும் கபிலர் குன்று இன்றும் ஆற்றினிடையே நின்று அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றது. தேர் பெற்றுச் செல்லப் புலவர் வந்த ஊரில், இன்று வாடகை வண்டிகள் பேருந்து நிலையத்தின் அருகே வரிசையாய் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று எம் தாய்மாமனுடையது.

மாமன் அவ்வண்டியைப் பழையதாகவே வாங்கினார். நோயாளரைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்வதும், முழுமதி நாட்களில் திருவண்ணாமலைக்குச் செல்வோரைக் கொண்டு விடுவதும், திருமணக் காலங்களில் மணமக்களை அழைத்து வருவதும் அவர்தம் பிழைப்பு. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் பெருமழையால் சாத்தனூர் அணை நிரம்பித் திறந்துவிடப்பட, பெண்ணை கரை கடந்து பெருகியதை யாவரும் அறிவர். தாழ்ந்த தெருவொன்றில் நின்ற மாமனது வண்டி அவ்வெள்ளத்திற் சிக்கிற்று. நீர் வடிந்த பின்னும் சக்கரங்கள் சேற்றிற் புதைந்தே கிடந்தன. பொறியைச் செப்பனிடுவதற்கே அவர் கையிருப்பெல்லாம் செலவாயிற்று. வண்டி மீண்டும் ஓடியது; ஆயினும் அதன் தோற்றம் கெட்டது. சிறப்பாகச் சக்கரங்கள், தேமல் படர்ந்த உடல் போல வெள்வெளேரெனத் திட்டுத்திட்டாய்ப் பொரிந்திருந்தன. வைகாசித் திருமணங்களுக்கு வண்டிகள் அமர்த்தித் தரும் ஒருவர் வந்து பார்த்து, “வண்டி நன்று, சக்கரம் நன்றன்று. மணமகன் ஏறும் வண்டி இப்படியிருக்கலாகாது. பளபளப்பாக்கினால் மாதம் முழுவதும் அமர்த்திக்கொள்வேன்,” என்று சொல்லிச் சென்றார். புதிய சக்கரங்கள் வாங்கப் பொருளில்லை. ஆகவே உள்ளவற்றுக்கே மெருகிடுவதென முடிவாயிற்று. விடுமுறைக்கு வந்த எமக்கும் அப்பணியிற் பங்கு கிடைத்தது.

‘அலாய் வீல்’ என்று பட்டறையார் கூறும் இச்சக்கரங்கள் அலுமினியத்தோடு சிலிக்கனும் சிறிதளவு மக்னீசியமும் சேர்த்து வார்க்கப்படுவன. எம்மூரிற் பள்ளியும் மருத்துவமனையும் நிறுவித் தொண்டாற்றியவர் டேனிஷ் மிஷனார். அலுமினியத்தை 1825-இல் முதன்முதற் பிரித்தெடுத்தவரும் டென்மார்க்கு அறிஞராகிய ஓயர்ஸ்டெட் என்பவரே என்பது எம்மூரார் அறிந்து மகிழத்தக்க செய்தி. 1886-இல் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் ஹெரூல் என்பவரும் மின்னாற்றலால் இதனைப் பிரிக்கும் முறையைத் தனித்தனியே கண்டபின்னரே இது மலிவாயிற்று. 1898-இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். பின்னாளில் ஏற்காட்டு மலையின் பாக்சைட்டு மண் மேட்டூர் ஆலைக்குச் சென்று உலோகமாயிற்று. அவ்வுருக்காலை இப்போது இயங்கவில்லை. இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே இதன் எடை. சக்கரம் எளிதாயின் வண்டியின் ஓட்டமும் எளிதாம். 1924-இற் புகாட்டி என்னும் பிரான்சு நாட்டு நிறுவனத்தார் தம் பந்தய வண்டிக்கு அலுமினியச் சக்கரம் வார்த்துப் பூட்டிய நாள்தொட்டு இம்முறை பரவலாயிற்று.

இவ்வுலோகத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. காற்றுப் பட்ட அளவிலே இதன்மேல் மிக மெல்லிய ஆடையொன்று தானே படிந்து உள்ளீட்டைக் காக்கும். இரும்பின் துரு இரும்பையே அரிப்பது; அலுமினியத்தின் ஆடையோ அலுமினியத்தைக் காப்பது. எனினும், தொழிற்சாலையார் சக்கரத்தின்மேல் பூசிய நிறமற்ற வார்னிசு ஓரிடத்திற் பெயர்ந்து, அதனடியே சேற்றுநீர் புகுந்து நாட்கணக்கில் தங்குமாயின், அவ்வாடையும் அழிந்து வெண்பொடி பூக்கும். மாமனின் சக்கரங்களுக்கு நேர்ந்தது இதுவே. பித்தளைக்குப் போலப் புளியிட்டுத் துலக்கலாகாதோ என்று அத்தையார் வினவினார். அலுமினியத்துக்குக் கடும்புளிப்பும் பகை, கடுங்காரமும் பகை. இரண்டும் அதன் முகத்தைக் கறுக்கச் செய்யும். ஆதலின் தேய்த்தலொன்றே வழியென்றார் எமக்குத் தொழில் கற்பித்த முதிய மேஸ்திரி.

ஜாக்கியால் வண்டியை உயர்த்திச் சக்கரங்களைக் கழற்றி, டயரின் ஓரத்தைத் துணிப்பட்டையால் மறைத்தோம். முதலில் எஞ்சியிருந்த வார்னிசை முற்றும் நீக்க வேண்டும். அது நிற்குமிடத்தில் மெருகு ஏறாது. பின்னர் உப்புத்தாள். எண் சிறிதாயின் அத்தாள் கரடு. எண் பெரிதாயின் நுண்மை. 400-இல் தொடங்கி, 600, 800, 1000, 1500, 2000 என்று நீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தோம். ஒரு தாளால் நெடுக்கே தேய்த்தால் அடுத்த தாளாற் குறுக்கே தேய்த்தல் முறை. முன்னைத்தாளின் கீறல் ஒன்றேனும் எஞ்சாது மறைந்தபின்னரே அடுத்த தாளைத் தொடலாம். விரைவு கருதி ஒரு படியைத் தாண்டுவோர், இறுதியில் ஒளியினூடே அப்பழங்கீறல்கள் எழுந்து நிற்பதைக் காண்பர். முதற்சக்கரத்தின் உப்புத்தாள் வேலைக்கே இரண்டு பகல் கழிந்தன. எம் விரல்நுனிகள் தாளினும் கரடாயின.

அதன்பின்னரே டிரில் பொறி கைக்கு வந்தது. சுவரில் துளையிடும் அப்பொறியின் வாயில், துளையூசிக்கு மாறாகப் பருத்தித்துணி அடுக்கித் தைத்த வட்டொன்றைப் பூட்டுவர். ஆரங்களின் இடுக்கிற் புகுவதற்குக் குவிந்த மொட்டுப் போன்ற மற்றொன்றும் உண்டு. அது சுழலும்போது, நுண்ணிய அராவுபொடியை மெழுகோடு கலந்து வார்த்த மெருகுக்கட்டியை அதன்மேற் சிறிது தொட்டுக்கொண்டு, சக்கரத்தின்மேல் மெல்ல ஓட்ட வேண்டும். அழுத்துதல் பிழை. அழுத்தினால் உலோகம் சூடேறிக் கலங்கும். நேரே துளைப்பதற்கென அமைந்த பொறியின் அச்சும் பக்கச் சுமையால் தேயும். ஓரிடத்தில் நிற்றலும் பிழை, அவ்விடம் குழியும். தொங்கும் மேலாடையும் ஆகாது. சுழலும் வட்டு அதனைப் பற்றி இழுத்துக்கொள்ளும். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குத் துணியும் வேண்டும். அலுமினியத்தூள் தீப்பற்றும் இயல்பினதாகலின், அருகில் இரும்பைச் சாணை பிடித்துப் பொறி பறக்க விடுதல் கூடாது. இவையெல்லாம் மேஸ்திரி எமக்குச் சொன்ன விதிகள்.

பொறி ஓடிய சிறிது நேரத்திற் சக்கரத்தின் முகம் முழுவதும் கருங்குழம்பாயிற்று. வெண்மையாக்க வந்தோம், கருமையாக்கி விட்டோமே என்று திகைத்தோம். மேஸ்திரி நகைத்தார். அக்கருமை அழுக்கன்று, உலோகத்தின் நுண்துகளே மெழுகோடு கலந்து அவ்வாறு தோன்றுவது. கருமை மிகுமளவே வேலை நடக்கின்றதென்று அறிக. அதனை உலருமுன் துணியால் துடைத்து, எஞ்சிய பிசுக்கை மைதா மாவு தூவி ஒற்றியெடுத்தவுடன், உள்ளிருந்து நிலவு புறப்பட்டாற் போல ஒளி வெளிப்பட்டது. எம் முகம் அதில் தெரிந்தது. மாமன் முகமும் தெரிந்தது. முதலில் யாம் எழுப்பிய வினாவிற்கு விடையும் ஆங்கே தெரிந்தது. சக்கரத்தின்மேல் யாம் ஒன்றும் சேர்க்கவில்லை. நீக்கினோம், நீக்கினோம், நீக்கிக்கொண்டேயிருந்தோம், எஞ்சியது ஒளியாயிற்று.

இம்மட்டில் இக்கதை முடிந்திருப்பின் இதனை எழுதியிரோம். மூன்றாம் சக்கரத்தை 1000-ஆம் எண் தாளால் தேய்க்கும்போது, ஓர் ஆரம் விளிம்பைச் சேருமிடத்தில் மயிரிழை போன்ற கோடொன்று கண்டோம். கீறலென்று கருதி மேலும் தேய்த்தோம். சுற்றிலும் இருந்த கீறல்களெல்லாம் மறைந்தன. அது மட்டும் மறையவில்லை. ஒளி ஏற ஏற அக்கோடு தெளிந்து கறுத்தது. மேஸ்திரியை அழைத்தோம். அவர் அவ்விடத்தில் மண்ணெண்ணெய் தடவி, சிறிது பொறுத்து, நன்றாகத் துடைத்து, சுண்ணக்கட்டியின் பொடியைத் தூவினார். சிறுபொழுதில் வெண்பொடியின்மேல் எண்ணெய் ஊறி, ஒரு விரல் நீளத்துக்குக் கோடொன்று தானே எழுதிக்கொண்டது. மேற்பரப்பிலுள்ள கீறலாயின் எண்ணெய் துடைப்போடு போயிருக்கும். உள்ளே வெடிப்பிருந்தமையால் அங்கே ஒளிந்து நின்று வெளிப்பட்டது. இரும்புத் தகட்டுச் சக்கரம் பள்ளத்தில் மோதினால் வளையும்; வார்ப்பு அலுமினியம் வளைதலினும் வெடித்தல் எளிது. எப்பள்ளத்தில் எந்நாள் மோதியதோ, அவ்வெடிப்பு வார்னிசுக்கும் அழுக்குக்கும் அடியில் ஒருவரும் அறியாமல் உடன் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது ஆங்கிருந்த மற்றொருவர், “வெடிப்பைப் பற்றவைத்து அதன்மேல் மெருகிட்டு விட்டால் யாருக்குத் தெரியும்?” என்றார். அவர் கூறியது முழுப்பொய்யன்று. பற்றவைத்துத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இச்சக்கரங்கள் வார்த்தபின் ஏறத்தாழ 540 பாகை வெப்பத்திற் காய்ச்சி நீரில் தோய்த்து உரம் ஏற்றப்படுவன. பற்றவைக்கும் நெருப்பு அவ்வுரத்தைச் சுற்றுப்புறத்தில் அழித்துவிடும். கண் வெடிப்பை மறக்கும். பாதையின் பள்ளம் மறவாது. மாமன் நெடுநேரம் பேசாதிருந்தார். திருமணக்காரர் வருவதாகக் கூறிய நாளுக்கு இன்னும் மூன்று நாளே இருந்தன. பின்னர் எம்மை நோக்கி, “மாப்பிள்ளை, யாருக்குத் தெரியும் என்கிறார். எனக்குத் தெரியுமே. தெரிந்த பிறகு ஒரு பிள்ளைத்தாய்ச்சியை எப்படி ஏற்றிக்கொண்டு ஓட்டுவேன்? ஸ்டெப்னியை எடுத்து மாட்டு,” என்றார்.

ஸ்டெப்னியோ கறுத்த இரும்புச் சக்கரம். மூன்று பக்கம் நிலவும் ஒரு பக்கம் இருளுமாக நின்ற வண்டியைத் திருமணக்காரர் சுற்றி வந்து பார்த்தார். காரணத்தைக் கேட்டார், தலையசைத்தார், வேறு வண்டியை அமர்த்திக்கொண்டார். அவ்வைகாசியின் வருவாய் அவ்வாறு போயிற்று. மாமன் அதைப் பற்றிப் பின்னர் ஒரு சொல்லும் கூறவில்லை. வெடித்த சக்கரத்தைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்குமுன், இரும்பறுக்கும் வாளை எடுத்து அதன் விளிம்பை இரண்டிடத்தில் அறுத்தார். அங்ஙனமே கொடுத்தால், எவரேனும் வாங்கி வேறொரு வண்டிக்குப் பூட்டிவிடுதல் கூடும் என்றார். அறுத்த சக்கரம் எடைக்கு விலைபோயிற்று. அலுமினியம் 660 பாகையில் உருகும். மண்ணிலிருந்து புதிதாய்ப் பிரிப்பதற்கு வேண்டும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்களவே பழையதை மீள உருக்க வேண்டும். ஆகவே அது எங்கேனும் ஓர் உலையிற் புகுந்து, வெடிப்பு நீங்கிப் புதிதாய்ப் பிறந்திருக்கும். ஆடி மாதத்தில் விழுப்புரத்தில் அளவொத்த பழைய சக்கரமொன்று கிடைத்தது. அதற்கும் மெருகிடுமுன் மண்ணெண்ணெயும் சுண்ணப்பொடியும் இட்டே பார்த்தனர் என்று அத்தையார் கடிதத்தில் எழுதியிருந்தார்.

மெருகு என்னும் சொல்லை நாம் இகழ்ச்சியாகவும் வழங்குவதுண்டு. உள்ளே ஒன்றுமின்றிப் புறத்தே மினுக்குவதை ‘மேற்பூச்சு’ என்பதனோடு ஒன்றாக வைத்துப் பேசுகின்றோம். அஃது உண்மையில் மெருகுக்கு இழைக்கும் அநீதியாம். பூச்சு மறைப்பது, மெருகு காட்டுவது. வண்ணம் பூசியிருப்பின் அவ்வெடிப்பு இன்னும் ஓராண்டு ஒளிந்திருக்கும்; ஒரு நாள் நெடுஞ்சாலையில் தன்னைத் தானே காட்டியிருக்கும். உப்புத்தாளின் ஒவ்வொரு படியும் பொருளின் குணத்தை வெளிக்கொணர்வது போலவே அதன் குற்றத்தையும் வெளிக்கொணர்கின்றது. அக்குற்றம் வெளிப்பட்டபின் யாது செய்வதென்பது உலோகத்தின் வேலையன்று. அதனைக் கையிற் கொண்டோன் வேலை.

தமிழில் சக்கரத்துக்கு ஆழி என்றும், திகிரி என்றும், நேமி என்றும், உருளை என்றும் பல பெயர் உள. அப்பெயர்களைக் கல்லூரியில் மனப்பாடம் செய்தோம். ஒரு சக்கரத்தின்மேல் எத்துணை உயிர்கள் நம்பி ஏறுகின்றன என்பதை எம் மாமனிடம் கற்றோம். தேர் கொடுத்த வள்ளல் ஆண்ட ஊரில், ஒரு மாத வருவாயை ஒருவரும் அறியாமல் விட்டுக்கொடுத்த வண்டிக்காரர் ஒருவரும் உளர் என்பதை இவ்வேட்டில் எழுதி வைத்தலே எம் விருப்பம்.