பதினாறு வோல்ட்

2012-இன் பிற்பகுதி. சென்னைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. விழுப்புரம் போன்ற ஊர்களுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேல். நவம்பரில் பருவத்தேர்வு. மாலைதோறும் நம் வீட்டுக்கு எட்டு மாணவர்கள் வருவார்கள். எல்லோரும் தத்தம் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறை. இருட்டில் யாப்பு நடத்திவிடலாம், அது மனப்பாடம். எழுதிப் பார்க்கத்தான் வெளிச்சம் வேண்டும்.

திண்டிவனத்தில் இயற்பியல் கற்பிக்கும் நண்பர் விளக்கொன்று செய்து தந்தார். ஒரு வாட் எல்.இ.டி.கள் 24, ஒரே சரமாக. அதற்கு ஏறத்தாழ 75 வோல்ட் வேண்டும். பாட்டரி தருவதோ 12. இடையில் 'ஃப்ளைபேக்' என்னும் மாற்றி. ஸ்விட்ச் மூடியிருக்கையில் மின்மாற்றியின் உள்ளகம் ஆற்றலைச் சேர்க்கும். திறந்ததும் மறுபக்கம் கொட்டும். பழைய டி.வி. பெட்டியில் மின்னணுக் கற்றை ஒரு வரியை முடித்துத் தொடக்கத்துக்குப் பறந்து திரும்புமே, அதிலிருந்து வந்த பெயராம். வெண்பாவுக்கே பெயர்க்காரணம் தேடுகிற நமக்கு அது பிடித்துப்போயிற்று.

மாணவர் ஒருவர் தம் வீட்டு டிராக்டரின் பழைய பாட்டரியைக் கொண்டுவந்தார். விளக்கு எரியவில்லை. நண்பர் தம் பைக்கின் பாட்டரியைக் கழற்றித் தொடரில் இணைத்தார், பளிச்சென்று எரிந்தது. பைக் பாட்டரியை எடுத்ததும் அணைந்தது. டிராக்டர் பாட்டரி கெட்டது என்று தீர்ப்பளித்தோம். அந்த மாணவரின் முகம் வாடியது இன்னும் நினைவிருக்கிறது.

மறுநாள் திண்டிவனத்தில் மெக்கானிக் ஒருவர் பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், இது கரண்டு போர்டுல கழட்டுன ஐ.சி. பதினாறு வோல்ட் பாக்காம கண்ணு முழிக்காது."

அது யு.சி.3842. வீட்டு மின்சாரத்தை நேர்மின்னாக்கினால் கிடைக்கும் 325 வோல்ட்டிலிருந்து ஒரு மின்தடை வழியே கசிந்து வரும் மின்னோட்டம் மின்தேக்கியை நிரப்பும். 16 வோல்ட் ஆனதும் ஐ.சி. விழிக்கும், பிறகு துணைச்சுருளிலிருந்து உணவு பெறும், 10-க்குக் கீழே உறங்கிவிடும். நேராகப் பாட்டரியில் பூட்டினால் 16 எங்கிருந்து வரும்? பாட்டரி மேல் குற்றமே இல்லை. மெக்கானிக் யு.சி.3843-ஐ மாட்டினார். கால்கள் அதே எட்டு; விழிப்பது 8.4-இல், உறங்குவது 7.6-இல். பாட்டரியிலிருந்து நேரே இணைப்பு, நடுவில் அலைச்சலைத் தணிக்கச் சிறு மின்தடையும் மின்தேக்கியும். அவ்வளவுதான்.

அக்டோபர் 31 அன்று நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. மழையில் டிராக்டருக்கு வேலையில்லை. மூன்று இரவுகள் பாட்டரி நம்மிடமே இருந்தது. மூன்றாம் இரவு விளக்கை அணைக்காமலே உறங்கிவிட்டோம். ஈய-அமிலப் பாட்டரியைப் பத்தரைக்குக் கீழே இறக்கக்கூடாது. பழைய ஐ.சி. பத்தில் நின்றிருக்கும். புதியது ஏழரை வரை உறிஞ்சிவிட்டது.

டிராக்டர் கிளம்பவில்லை. மாணவரின் தந்தை நேரே வந்தார். என்ன சொல்வாரோ என்று கைபிசைந்து நின்றோம்.

"வெளிச்சம் பத்துச்சா வாத்தியாரே?" என்றார்.

சார்ஜ் ஏற்றும் செலவை நாம் கொடுத்தோம்; வாங்க மறுத்துப் பிறகு வாங்கிக்கொண்டார். அடுத்த ஞாயிறு நண்பர் ரயிலில் வந்து, 11 வோல்ட்டில் இணைப்பைத் துண்டிக்கும் சிறு பலகை ஒன்றைச் சேர்த்தார். அதன்பின் சில இரவுகள் பாதியிலேயே விளக்கு அணையும். அப்போது யாப்பை எடுத்துக்கொள்வோம்.