பூட்டி வைக்க முடியாத மரங்கள்

டோக்கியோவிலிருந்து வடக்கே போகும் ரயிலில் ஏறி, ஓமியா என்ற பெரிய ஜங்ஷனைத் தாண்டி அடுத்த நிறுத்தமான டோரோவில் இறங்க வேண்டும். சில நிமிடங்கள் நடந்தாலே நகரத்தின் இரைச்சல் அடங்கிவிடுகிறது. அகலமான தெருக்கள், அவற்றுக்கு மரங்களின் பெயர்கள், வீடுகளைச் சுற்றி ஒழுங்காகக் கத்தரித்த உயிர்வேலி. ஜப்பானின் சைதாமா மாநிலத்தில் இருக்கும் இந்தப் பேட்டையின் பெயரே ‘போன்சாய்-சோ’. உலகெங்கும் இருக்கிற போன்சாய் பிரியர்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது வந்துவிட வேண்டும் என்று ஏங்குகிற ஊர்.

1923-ல் வந்த பெரும் பூகம்பம் டோக்கியோவைத் தரைமட்டமாக்கியபோது, அங்கே போன்சாய் வளர்த்து வந்த குடும்பங்கள் இடம் தேடிக் கிளம்பின. நல்ல மண், நல்ல தண்ணீர், தாராளமான காற்று மூன்றும் கிடைத்த ஓமியாவின் காட்டுப் பகுதியில் 1925-ல் குடியேறின. சில ஆண்டுகளிலேயே ஊருக்கென்று ஒரு கட்டுப்பாடும் எழுதிக்கொண்டன. இங்கே குடிவருகிறவரிடம் குறைந்தது 10 போன்சாயாவது இருக்க வேண்டும். வேலி உயிர்வேலியாகத்தான் இருக்க வேண்டும். மாடி கட்டக் கூடாது. மாடி எழும்பினால் பக்கத்துத் தோட்டத்தின் வெயில் போய்விடும் அல்லவா? நான்காவது விதிதான் ஆச்சரியமானது: யார் வந்தாலும் பார்க்கும்படி வாசற்கதவு திறந்திருக்க வேண்டும்.

லட்சக்கணக்கில் விலை போகும் மரங்களை வைத்துக்கொண்டு கதவைத் திறந்து வை என்கிற ஊர்! அன்றைக்கு அது சாத்தியமாக இருந்திருக்கிறது.

போன்சாயைக் கொஞ்சம் அறிந்தவர்களுக்குத் தெரியும், நகையைப் போல இதைப் பீரோவில் வைத்துப் பூட்ட முடியாது. தொட்டியில் இருப்பதால் வீட்டுக்குள் வைக்கும் அலங்காரச் செடி என்று நினைத்துவிடுகிறோம். பைன், ஜூனிப்பர் போன்றவை முழுக்க முழுக்க வெளியில் வாழ வேண்டியவை. வெயில், காற்று, பனி எல்லாம் வேண்டும். குளிர்காலத்தின் குளிரும் வேண்டும். நாலைந்து நாள் வரவேற்பறையை அலங்கரித்தால் மறுபடி தோட்டத்துக்குப் போய்விட வேண்டும். பாதுகாக்கிறேன் என்று உள்ளே பூட்டினால், திருடன் செய்யாததை நாமே செய்தவர்களாவோம். ஆனால் வெளியில் வைத்தாலோ, இரண்டு கைகளில் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். நூறு வயது மரம் என்றாலும் எடை என்னவோ ஒரு குழந்தையின் எடைதான்.

அதுதான் நடந்தது 2019 ஜனவரியில், இதே சைதாமா மாநிலத்தில். பல தலைமுறைகளாகப் போன்சாய் வளர்க்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தம்பதியின் தோட்டம் அது. சுமார் 5,000 சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 3,000 மரங்கள். இரவில் வந்தவர்கள் எடுத்துப்போனது 7 மட்டுமே. மொத்த மதிப்பு 1 கோடியே 30 லட்சம் யென்னுக்கும் மேல். அத்தனை மரங்களுக்கு நடுவே விலையுயர்ந்தவற்றைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள் என்றால், வந்தவர்களுக்கு மரம் தெரிந்திருக்கிறது. போனவற்றில் ஒன்று ஷிம்பாக்கு வகை ஜூனிப்பர், வயது 400.

அந்த வீட்டம்மா செய்த காரியம்தான் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஃபேஸ்புக்கில் அவர் திருடர்களைச் சபிக்கவில்லை. அந்த மரம் ஒரு வாரம் தண்ணீர் இல்லாமல் பிழைக்காது, யாரிடம் இருந்தாலும் தயவுசெய்து தண்ணீர் ஊற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டார். எப்படி ஊற்றுவது என்பதையும் சொன்னார். தண்ணீர் ஊற்றக் கற்கவே மூன்று வருஷம் ஆகும் என்பது அங்கே போன்சாய்க்காரர்கள் சொல்லும் பேச்சு. திருடியவருக்கு அந்தப் பாடத்தை அவசர அவசரமாக நடத்த வேண்டிய நிலைமை.

பெரிய தோட்டத்துக்கே இந்தக் கதி என்றால், வீட்டுக் கொல்லையில் பத்துத் தொட்டி வைத்திருப்பவர் என்ன செய்வது? வளர்ப்பவர்கள் கண்டுபிடித்த வழிகள் எல்லாம் எளிமையானவை. தொட்டியின் அடியில் தண்ணீர் வடியும் துளை இருக்கிறதே, அதன் வழியாகக் கம்பியை விட்டுப் பெஞ்சுப் பலகையோடு அடியில் முறுக்கிவிடுகிறார்கள். இருட்டில் அவசரமாக வருபவன் அதை அவிழ்த்துக்கொண்டிருக்க மாட்டான். என்ன, வெயில் எல்லாப் பக்கமும் படச் சில நாட்களுக்கு ஒருமுறை தொட்டியைத் திருப்பி வைக்கும்போதெல்லாம் கம்பியோடு மல்லுக்கட்ட வேண்டும். அந்தச் சலிப்பில் பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள். நடைபாதையில் சரளைக்கல் கொட்டினால் பூனை நடந்தாலும் சத்தம் கேட்கும். ஆள் அசைந்தால் எரியும் விளக்கு உண்டு. மிகச் சிறந்த மரத்தைத் தெருவிலிருந்து தெரியாத மூலையில் வைப்பதும் ஒரு வழக்கம். மரத்தின் அழகை இணையத்தில் பகிர்ந்துவிட்டு, பின்னணியில் வீட்டு வாசலையும் காட்டிவிடுவது திருடனுக்கு விலாசம் எழுதிக் கொடுப்பதுதான்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது போட்டோ. நாலு பக்கமும் எடுக்க வேண்டும். வேர் மண்ணோடு சேரும் இடத்தை நெருக்கத்தில் எடுக்க வேண்டும். தொட்டியை மாற்றிவிடலாம், கிளையை வெட்டிவிடலாம், ஆனால் அடிமரத்துத் தழும்பையும் வெளுத்த பட்ட மரப்பகுதியின் முறுக்கையும் யாராலும் மாற்ற முடியாது. மனிதர்களின் கைரேகை மாதிரி அது. அடிமரத்தில் சிறு துளையிட்டு மைக்ரோசிப் பதிப்பவர்களும் இருக்கிறார்கள். ஊருக்குப் போகும்போது தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போனால், காவலும் அதிலேயே அடக்கம்.

போன மரம் திரும்பி வந்ததும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பசிபிக் போன்சாய் அருங்காட்சியகத்தில் 2020 பிப்ரவரியில் இரண்டு மரங்கள் திருடு போயின. அதில் ஒன்று, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் முகாமில் அடைக்கப்பட்ட ஒரு ஜப்பானிய அமெரிக்கர் தகர டப்பாவில் விதை போட்டு வளர்த்த கறுப்புப் பைன். செய்தி பரவிய சில நாட்களில் இரண்டையும் அருங்காட்சியகத்துக்குப் போகும் பாதையிலேயே யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பைன் பிழைத்தது. மற்றொன்றான சில்வர்பெர்ரிக்குக் கிளைகள் ஒடிந்திருந்தன.

ஓமியாவில் ஒரு காலத்தில் சுமார் 30 தோட்டங்கள் இருந்தன. இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். எஞ்சியிருக்கும் தோட்டங்களுக்குள் இன்றும் காசு கொடுக்காமல் நுழையலாம். ‘படம் எடுக்காதீர்கள்’ என்ற பலகையை மட்டும் மதிக்க வேண்டும். போக நினைப்பவர்கள் மே மாதம் 3 முதல் 5 வரை நடக்கும் போன்சாய் திருவிழாவுக்குப் போகலாம். அந்த மூன்று நாளும் தெருவோரம் கடை போட்டு, தொட்டிகளைப் போகிறவர் வருகிறவர் கைக்கெட்டும் தூரத்தில் பரப்பி வைத்திருக்கிறார்கள்.