குழந்தையும் பூசணிக்காயும்

குழந்தை உணவை மறுத்தால் அதற்குப் பிடிவாதம் என்று பெயரிடுவது நமது வழக்கம். எட்டு மாதங்கூட நிரம்பாத ஓர் உயிர், வாயருகே வந்த பூசணிக்காய் மசியலை நாவினால் வெளியே தள்ளிவிட்டதென்றால், “அப்பனைப் போல அடம்” என்று வீட்டார் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். என் மகளுக்கும் இத்தீர்ப்பு வழங்கப்பட்டது. பால் குடித்தாள், குழைத்த சோற்றை ஒருவாறு விழுங்கினாள், காய்கறி என்ற இனத்தைச் சேர்ந்த எதனையும் உள்ளே அனுமதிக்க மறுத்தாள். பூசணி, கரட், போஞ்சி, கீரை யாவற்றுக்கும் ஒரே முகச்சுழிப்பு. போஞ்சி என்ற சொல்லையே ஒல்லாந்தரிடமிருந்து பெற்றுச் செரித்துக்கொண்ட நாம், நம் பிள்ளை அக்காயைச் செரிப்பதற்கு இரண்டு நாள் அவகாசங்கூடக் கொடுப்பதில்லை.

உண்மையில் இதனைப் பிடிவாதம் என்பதே தவறு. இனிப்பை நாடுவதும் கசப்பை விலக்குவதும் மனிதக் குழந்தையின் பிறவிக்குணம். தாய்ப்பால் இனிப்பு, கீரையிலும் பல காய்களிலும் சிறிதேனும் கசப்பு உண்டு. புதிய சுவையொன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்வதற்கு எட்டு, பத்துத் தடவைகளேனும் அது வாயிற் படவேண்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலர் கண்ட முடிபு. கருவுற்ற காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ கரட் சாறு அருந்திய தாய்மாரின் குழந்தைகள், கரட் கலந்த உணவை முகஞ்சுழியாது ஏற்றனர் என்று அமெரிக்காவில் ஜூலி மெனெல்லாவும் அவர்தம் குழுவினரும் 2001ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தாயின் கலத்திலே தொடங்கும் கல்வி இது. பத்தியம் என்ற பெயரால் பிள்ளை பெற்றவளின் கலத்திலிருந்து காய்களை ஒவ்வொன்றாக அகற்றும் நமது வீடுகள் இதனைச் சற்றுச் சிந்திக்கலாம்.

சிந்திக்கும் நிலையில் எங்கள் மாமி இருக்கவில்லை. “உதை விடுங்கோ தம்பி. வேண்டாமெண்டால் வேண்டாந்தானே. ரெண்டு பிஸ்கட்டைப் பாலிலை ஊறப்போட்டுத் தீத்துங்கோ” என்றார். பேர்த்தி பட்டினி கிடக்கிறாளே என்ற தவிப்பு அவருக்கு. ஆனால் ஆறு மாதத்தின் பின்னர் தாய்ப்பாலிலுள்ள இரும்புச்சத்து மட்டும் பிள்ளைக்குப் போதாது. கீரையும் பருப்பும் நெத்தலியும் முட்டையும் ஆற்றும் காரியத்தைப் பாலில் ஊறிய பிஸ்கட் ஆற்றாது.

ஆகவே தீத்துவதை நிறுத்தி, அவளே எடுத்துண்ணும் வகையில் வைத்துப் பார்த்தோம். பூசணிக்காயை விரல் நீளத்துக்கு வெட்டி, இரு விரலிடையே வைத்து அழுத்தினால் நசியுமளவுக்கு ஆவியில் அவித்தோம். உப்பில்லை, சீனியில்லை. முதல் நாள் அதனைப் பிசைந்து தலையில் தேய்த்தாள். இரண்டாம் நாள் நிலத்துக்கு வழங்கினாள். மூன்றாம் நாள் பூனை பயன்பெற்றது. ஐந்தாம் நாள் ஒரு துண்டைச் சூப்பிப் பார்த்துவிட்டு, மோசம் போனவள் போல எங்களை நோக்கினாள். ஒன்பதாம் நாள், எவரும் பாராத வேளையிற் போலும், ஒரு துண்டு முழுவதும் மறைந்திருந்தது. பூனையின் மீது ஐயமெழுந்தது. மறுநாட் காலை அணையாடை அதன் குற்றமின்மையை நிரூபித்தது.

வற்றாளங்கிழங்கும் கரட்டும் பின்னர் எளிதில் வழிக்கு வந்தன. கரட்டை மட்டும் நன்கு அவித்தே கொடுக்கவேண்டும். பச்சைக் கரட், முழுத் திராட்சை, கச்சான் ஆகியன தொண்டையை அடைக்கக்கூடியவை. பிள்ளை ஓங்களித்து இருமும்போதெல்லாம் மாமி பதறி ஓடிவருவார். ஓங்களிப்பு, உணவைத் தொண்டையிலிருந்து முன்னே தள்ளும் இயற்கைக் காவல். அதிற் சத்தம் இருக்கும். சத்தமே எழாமல் மூச்சுத் திணறுவதுதான் ஆபத்து. அதனால், உண்ணும் பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, அருகிலே ஒருவர் கண்ணெடாது இருத்தல் வேண்டும்.

அந்த ‘ஒருவர்’ யார் என்பதிலேதான் பிரச்சினை தொடங்குகிறது. அதற்கு முன் ஒன்று சொல்லவேண்டும்.

அமெரிக்க மருத்துவரான கிளாரா டேவிஸ், பால் மறந்த 15 குழந்தைகளின் முன் 34 வகை உணவுகளை முறைமாற்றி வைத்து, விரும்பியதை விரும்பிய அளவு உண்ணவிட்டார். 1939ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிபின்படி, ஒருவர் உண்டது போல மற்றவர் உண்ணவில்லை. எனினும் எல்லோரும் நன்கு வளர்ந்தனர். குழந்தையின் சுதந்திரத்துக்குச் சான்றாக இதனைக் காட்டுவோர் உளர். ஆனால் சூழ்ச்சி உணவுப் பட்டியலிலேயே உள்ளது என்று டேவிசே சொல்லிவிட்டார். அந்தத் தட்டங்களிற் சீனியில்லை, தீட்டிய மா இல்லை. எதனைத் தொட்டாலும் நல்லதையே தொட்டாக வேண்டும். பல்லுக்கொழுக்கட்டை கொட்டும் நாளில் நாமும் ஏடும் பேனாவும் நகையும் பரப்பி, பிள்ளை எதைத் தொடுகிறதென்று பார்க்கிறோம். அங்கும் பரப்புவது நாம்தான். ஒழுங்கை முகப்புக் கடையிலோ, பரப்பிவைப்பவன் வியாபாரி. நிறமூட்டிய பைகளெல்லாம் தவழும் பிள்ளையின் கண்மட்டத்திலேயே தொங்குகின்றன.

இனி அந்த ‘ஒருவர்’. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடு என்கிறது நம் சுகாதாரத் துறை. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைக்கும் பெண்ணுக்குச் சட்டம் வழங்கும் மகப்பேற்று விடுமுறையோ 12 வாரம். எஞ்சிய வாரங்களில் மலையகத்துப் பிள்ளை, பிள்ளைக்காம்பராவில் வளர்கிறது. நுவரெலியாக் கரட் மலையிறங்கி யாழ்ப்பாணச் சந்தை வரை வந்து என் மகளின் தட்டத்தை அடைகிறது. 2016ஆம் ஆண்டின் மதிப்பாய்விலோ, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்டோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேராயிருக்க, தோட்டப்புறத்தில் 32 பேராயிருந்தனர். 1973இல் தொடங்கிய திரிபோஷா மாவும், 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது தரமான சோளமின்றித் தடைப்பட்டது.

பத்துத் தடவை கொடுங்கள் என்று எழுதுவது எளிது. ஒன்பது தடவை எறியப்படும் பூசணிக்காய்க்கு விலையுண்டு. எங்கள் வீட்டில் அதனைத் தாங்க முடிந்தது. எங்கள் ஊர்க் கிளினிக்கில், வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குக் களைபிடுங்கும் இளந்தாயொருத்தி என் மனைவிக்கு அருகிலே அமர்ந்திருந்தாள். அவளுடைய பிள்ளைக்கும் பத்து மாதம். அதுவும் காய்கறியைத் துப்பும் பிள்ளைதான். நிறை போதாதென்று குடும்பநல உத்தியோகத்தர் சொன்னதும் அவள் தயங்கித் தயங்கிக் கூறினாள்: “துப்பினால் அது போச்சுது மிஸ். பிஸ்கட் எண்டால் துப்பாது.”

கடிந்துகொள்ளாது அப்பெண்மணி ஒரு வழி சொன்னார். பிள்ளைக்கெனத் தனியே சமைக்க வேண்டாம். வீட்டுக்கறியில் உப்பும் தூளும் போடுமுன் இரண்டு துண்டு எடுத்து வைத்தாற் போதும். பிள்ளை துப்பினாலும் இழப்பு இரண்டு துண்டுதான். முற்றத்து முருங்கையிலைக்கு விலையில்லை. நான் கேட்ட ஆலோசனைகளுள் இதுவே சிறந்தது.

இளந்தாயின் முகம் சற்றுத் தெளிந்தது. பின்னர் கேட்டாள்:

“அதைச் செய்யலாம் மிஸ். காலமை ஆறு மணிக்கு நான் தோட்டத்திலை நிக்கவேணும். ஆர் பக்கத்திலை இருந்து பாக்கிறது?”

உத்தியோகத்தர் பிள்ளையின் நிறையைப் பதிவேட்டிற் குறித்துவிட்டு, “அம்மா இருக்கிறாவோ வீட்டிலை?” என்று வினவினார்.

“அவவும் தோட்டத்துக்குத்தான்” என்றாள்.