துப்பாக்கி ஒன்றுதான், அனுமதி இரண்டு

மான் தொல்லை தாங்காமல் அந்தமான் விவசாயி ஒருவர் துப்பாக்கி வாங்க நினைத்தால், ரகம் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை. கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பது அநேகமாக ஒன்றுதான்: இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலையின் .315 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். ராணுவம் பயன்படுத்திய .303 குண்டு சாமானியர்களுக்குத் தடை என்பதால் வந்த ரகம் அது. 1980களில் இறக்குமதிக்குப் பூட்டு விழுந்த பிறகு, பழைய வெளிநாட்டு ரைஃபிள்களின் விலை தலைசுற்ற வைக்கிறது.

சிக்கல் வாங்கிய பிறகுதான். புள்ளிமான் அந்தமானின் பூர்வீக விலங்கல்ல. பிரிட்டிஷார் கொண்டுவந்து விட்டது. புலி இல்லாத காட்டில் பெருகி, இளங்கன்றுகளை மேய்ந்து தீர்க்கிறது. ஆனாலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதையும் காக்கிறது. பயிரை அழிக்கும் மானைச் சுடக்கூட, தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோ எழுத்தில் அனுமதி தர வேண்டும். துப்பாக்கி லைசென்ஸ் அதற்கு ஈடாகாது.

அதே சட்டத்தின் 65ஆம் பிரிவு, நிகோபார் பழங்குடியினருக்கு 1967இல் வழங்கப்பட்ட வேட்டை உரிமையை மட்டும் தொடவில்லை. காட்டுப்பன்றியைத் தேடி அவர்கள் போவதோ ஈட்டியோடும் நாய்களோடும்.

ஆக, விவசாயி முதலில் விசாரிக்க வேண்டியது ரைஃபிள் விலையை அல்ல. வேலிக் கம்பியின் விலையை.