பாட்டிக்கு ஏற்ற அணிச்சல்

சமைப்பவருக்குப் பாராட்டு இனிக்கும். ஆனால், அவருக்குக் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் குறை சொல்லும் நாக்குதான். எதை உண்டாலும் உப்பு, புளி, இனிப்பு என்று ஏதேனும் ஒன்றைச் சுட்டிக்காட்டும் உறவினர் பல குடும்பங்களில் உண்டு. அவர் தட்டைக் கையில் எடுத்ததும் சமைத்தவரின் நெஞ்சு படபடக்கும். அவரைத் திருப்திப்படுத்த முடியாது என்று பலர் முயற்சியையே கைவிடுவர். அவர் சொல்லும் குறைக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்பவர் சிலரே.

ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங் நகரில் வாழும் ஒரு பாட்டியும் எளிதில் திருப்தி அடையாதவர். இளமையில் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பாகற்காயை விரும்பி உண்பவர். கடையில் வாங்கும் அணிச்சலை ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டை ஒதுக்கிவிடுவார். அவர் குறை சொல்லாமல் உண்பது ஒன்றே ஒன்றைத்தான். அது ஜொகூர் பாருவில், தான் ஹியோக் நீ சாலையிலுள்ள ஹியாப் ஜூ ரொட்டிக்கடையின் வாழைப்பழ அணிச்சல். 1919-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அக்கடையில் விறகடுப்பில்தான் சுடுகிறார்கள். “பழத்தோட இனிப்பு நாக்குல ஒட்டாதும்மா,” என்பார் பாட்டி.

பாட்டிக்கு நீரிழிவு நோய் இருப்பது தெரிய வந்த பிறகு வீட்டில் ஒரு மாற்றம் ஏற்பட்டது. விருந்துகளில் அவரிடம் இனிப்பை நீட்டுவதை எல்லாரும் நிறுத்திவிட்டனர். அன்பினால்தான் அப்படிச் செய்தனர். ஆயினும், தம் பிறந்தநாளிலேயே அணிச்சலை வெட்டிப் பிறருக்கு ஊட்டிவிட்டு, வெறுந்தட்டோடு அமர்ந்திருக்க வேண்டிய நிலை அவருக்கு வந்தது. நான்காம் படிவத்தில் பயிலும் பேத்திக்கு அது பொறுக்கவில்லை. எப்போதாவது ஒரு சிறு துண்டு உண்ணலாம் என்று உணவியல் வல்லுநர் கூறியிருந்தார். அந்தச் சிறு துண்டைத் தன் கையாலேயே சுட்டுக் கொடுக்க அவள் முடிவெடுத்தாள். பாட்டிக்குச் சாக்லெட்டின் மணம் மிகவும் பிடிக்கும்.

முதல் முறை, சமையல் குறிப்பில் கண்டவாறு 300 கிராம் சீனியைச் சேர்த்துச் சுட்டாள். அணிச்சல் நன்கு உப்பி வந்தது. வீட்டார் பாராட்டினர். பாட்டி மட்டும், “இது கேக்கா, சீனிப் பாகா?” என்று கேட்டார்.

பேத்தி முகம் வாடினாள். பிறகு கணக்குப் பார்த்தாள். 12 துண்டுகளில் 300 கிராம் சீனி என்றால், ஒரு துண்டில் 25 கிராம் சீனி இருக்கிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர், சேர்க்கப்படும் சீனியை ஏறத்தாழ 50 கிராமுக்குக் கீழ் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியின் சாரம். ஒரே துண்டில் அதில் பாதி போய்விடுகிறது! மலேசியாவில் பெரியவர்களுள் ஏறத்தாழ அறுவரில் ஒருவருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு கூறுகிறது. இனிப்புப் பானங்களுக்கு அரசு 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் வரி விதித்ததற்கும் இந்தக் கவலையே காரணம். பாட்டியின் நாக்கு சொன்னது வீண் குறையன்று என்பதைப் பேத்தி உணர்ந்தாள்.

இரண்டாம் முறை, சீனியை 100 கிராமாகக் குறைத்தாள். அணிச்சல் தட்டையாக, வறண்டு போயிற்று, கசப்பும் மிகுந்தது. பாட்டி ஒரு வாய் உண்டுவிட்டுத் தண்ணீர் கேட்டார். சீனி இனிப்புக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. அது கலவையிலுள்ள நீரைப் பிடித்து வைத்து அணிச்சலை ஈரப்பதத்தோடு காக்கிறது; மாவிலுள்ள பசைப்புரதம் அதிகம் இறுகாமல் தடுத்து மென்மையைத் தருகிறது. எனவே, சீனியைக் குறைப்பவர் அது செய்த வேலையை வேறு எது செய்யும் என்றும் சிந்திக்க வேண்டும்.

வீணான அணிச்சல் பேத்தியை வருத்தியது. கொக்கோவின் விலை 2024-ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ஒரு டன்னுக்கு 10,000 அமெரிக்க டாலரையும் தாண்டியது. கொக்கோத் தூளை வீணாக்க யாருக்குத்தான் மனம் வரும்? இத்தனைக்கும் அவள் வாழும் பாசிர் கூடாங், கொக்கோ அரைக்கும் ஆலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். 1990-ஆம் ஆண்டு வாக்கில் மலேசியா ஆண்டுக்கு 2 இலட்சம் டன்னுக்கும் மேலாகக் கொக்கோ விளைவித்தது. பூச்சித் தாக்குதலாலும் விலை வீழ்ச்சியாலும் பலர் செம்பனைக்கு மாறினர். இன்று ஆலைகளுக்குத் தேவையான கொட்டைகளில் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. அருகிலுள்ள தஞ்சோங் லங்சாட்டில் சீனிச் சுத்திகரிப்பு ஆலையும் இருக்கிறது. கசப்பும் இனிப்பும் அண்டை வீட்டாராக வாழும் ஊர் அது!

மூன்றாம் முறைக்கு முன் பேத்தி பாட்டியிடமே சென்று, “பாட்டி, உங்களுக்கு எப்படி இருந்தா பிடிக்கும்?” என்று கேட்டாள். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. பாட்டி சற்று யோசித்தார். “முதல்ல வாசம் வரணும். அப்புறம் லேசாக் கசக்கணும். கடைசியிலதான் இனிப்பு தெரியணும்,” என்றார்.

அந்த வரிசையையே பேத்தி தன் சமையல் குறிப்பாக்கிக்கொண்டாள். மணத்துக்காக, 60 கிராம் கொக்கோத் தூளைச் சூடான கடுங்காப்பியில் கரைத்தாள். சூடு கொக்கோவின் மணத்தை வெளிக்கொணரும். காப்பி அதை ஆழப்படுத்தும். காப்பிக்குப் புகழ்பெற்ற குளுவாங் நகரிலிருந்து உறவினர் கொண்டுவந்த தூளை எடுத்தவள், பொட்டலத்தைப் படித்துவிட்டுத் திரும்ப வைத்தாள். நம் நாட்டுக் காப்பித்தூள் பலவற்றில், வறுக்கும்போதே சீனி சேர்க்கிறார்கள். ஆகவே, சீனி கலவாத வேறொரு தூளைப் பயன்படுத்தினாள். வறட்சியைப் போக்கத் தயிரும் எண்ணெயும் சேர்த்தாள். தயிரின் புளிப்பு சமையல் சோடாவோடு சேர்ந்து அணிச்சலை உப்ப வைத்தது. கசப்பைத் தணிக்க அரைத் தேக்கரண்டி உப்பு போட்டாள். சீனி 200 கிராம். மேலே பாலேடோ சீனிப்பூச்சோ இல்லை.

இப்போது ஒரு துண்டில் ஏறத்தாழ 17 கிராம் சீனிதான். எனினும், மாவும் உடலில் சர்க்கரையாக மாறும் என்பதால், பாட்டிக்கு அதிலும் பாதித் துண்டே போதும் என்று வீட்டார் முடிவு செய்தனர். இனிப்பு குறைந்த அணிச்சல் மருந்தாகிவிடாது. அளவு அறிந்து உண்பதற்கு அது துணை செய்யும், அவ்வளவே.

பிறந்தநாளன்று பாட்டி தம் தட்டிலிருந்த பாதித் துண்டை மெதுவாக உண்டார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தனர். “காப்பி வாசம் கொஞ்சம் தூக்கலா இருக்கு,” என்றார். பேத்தி சிரித்துவிட்டாள். பாட்டி தட்டை ஒதுக்கவில்லை. ஒட்டியிருந்த துகளையும் விரலால் தொட்டு வாயில் போட்டுக்கொண்டார். பிறகு இன்னொரு துண்டைக் கிண்ணத்தில் வைத்து மூடி, “பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்துட்டு வாம்மா. என் பேத்தி செஞ்சதுன்னு சொல்லு,” என்றார்.

அன்றிரவு பேத்தி தன் குறிப்பேட்டில் இரண்டு வரிகள் எழுதினாள்: “சீனி 200 கிராம் சரி. அடுத்த முறை காப்பியைக் குறைக்க வேண்டும்.”